தூக்கம் கேட்கும் பசி

விடியற்காலையில் ஒடுகத்தூர் மாதனூர் சாலையோரம் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்திருப்பார்கள். தலையில் பூ, கையில் சாப்பாட்டுப் பை. கண்ணில் தூக்கம் இன்னும் கலைந்திருக்காது. நாலு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்தவர்கள். முந்தைய இரவு பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கும்போது பதினொன்று தாண்டியிருக்கும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒருநாள் சொன்னார்: "நாலு இட்லி சாப்பிட்டுத்தான் போறேன். பத்து மணி டீக்கு ரெண்டு பன் தின்னாலும் அடங்க மாட்டேங்குது. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு அகோரப் பசியோ!" சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ தப்புச் செய்தவரைப் போல. அந்தக் குனிவு என்னை வெகுநாள் விடவில்லை.

அந்தப் பசிக்கான காரணம் ஓர் ஆய்வில் கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வெளிவந்தது. பத்து மணி நேரம் படுத்திருந்த நாட்களைவிட, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்திருந்தது. 'இன்னும் கொண்டா' என்று கேட்கும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியிருந்தது. பசி 24 விழுக்காடு ஏறியது. நாக்கு தேடியதும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும்தான். தூக்கம் குறைந்தால் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறனும் சரிகிறது என்று 1999-இலேயே கண்டிருந்தார்கள்.

அக்கா தலைகுனியத் தேவையே இல்லை. அவர் உடம்பு தூக்கத்தைக் கேட்டது. அது கிடைக்காதபோது பன்னைக் கேட்டது.

சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் நாமும் கண்விழிக்கிறோம். அது வருஷத்தில் ஓரிரு இரவு, மனம் உவந்து கொடுப்பது. தினம் தினம் பறிபோகும் தூக்கத்தில் என்ன விரதம் இருக்கிறது? அதிகம் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், அதிகம் உறங்குபவனுக்கும் விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். சோற்றையும் உறக்கத்தையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதை நான் இப்போதுதான் நின்று கவனிக்கிறேன்.

ஒடுகத்தூருக்கு வடக்கே, பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டா. ஊர்ப்பெயரே துயில்தான். உத்திர ரங்கநாதர் ஆதிசேஷன்மேல் சாய்ந்திருக்கிறார். அந்தக் கோலத்தின் முன் நின்றால், உலகத்தைக் காப்பவனே இப்படி ஆற அமரப் படுத்திருக்கிறானே என்று நெஞ்சு தணிகிறது. அறிதுயில் என்று எத்தனை அழகான சொல் நம்மிடம் இருக்கிறது! சிவன் கோயிலிலோ இரவானால் பள்ளியறைக்குப் பால் கொண்டுபோகிறோம், நடை சாத்துகிறோம், விடியற்காலையில் பாடி எழுப்புகிறோம். தெய்வத்துக்கு இவ்வளவு இதமாகச் செய்கிற நாம், மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்த பெண்ணைச் சோம்பேறி என்றுவிடுகிறோம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். அவர் கையிலிருக்கும் பாத்திரத்தை வாங்கி நீங்கள் கழுவுங்கள். அவர் ஒன்பதரைக்கே படுக்கட்டும்.