பூட்டும் வேவும்

10 வயது நிரம்பிய குழந்தை வங்கிக் கணக்கைத் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே அனுமதித்தது. தொகைக்கு வரம்பு உண்டு. இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. வரம்பு என்னவென்று குழந்தைக்குத் தெரியும் என்பதுதான் இதில் முக்கியம். சமூக ஊடகக் கணக்கு விஷயத்திலோ 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுவரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2025 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோருக்கு உள்ளது போன்ற தடையைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு யோசனை சொன்னது.

சட்டத்தின் மனசிலிருக்கிற பெற்றோர் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறார். போடியில் விடியுமுன் ஜீப் ஏறி, மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள் பொழுது சாயத்தான் திரும்புகிறாள். வீட்டில் மூத்தவளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. அதற்குக் கடவுச்சொல் போட்டதே இளையவன். அவளுடைய ஒப்புதல் வெறும் கைநாட்டு. (கைநாட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

பூட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இரவு 9 மணிக்கு மேல் இன்ஸ்டாகிராம் திறக்காது. மகளுக்கு அது தெரியும். சண்டை போடலாம், போடுகிறாள். என்னைக் கூசவைப்பது வேறு. ஒருநாள் அவள் தூங்கிய பின், அவள் தேடியவற்றின் பட்டியலைப் படித்தேன். வீட்டில் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியை அதில் கேட்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியும். சொல்லப்போனால், எப்படித் தெரிந்தது என்பாள்.