சோறு போட்டால் போதுமா? கூட உட்கார வேண்டாமா?



உதவி வாங்கினவன், உதவி செய்தவரைப் பார்த்துக் குறை சொல்லலாமா? சொன்னால் "நன்றி கெட்டவன்"னு நாலு பேர் பேசத்தானே செய்வாங்க? ஆனாலும் ஒரு தமிழர் அதைத் தைரியமாகச் சொன்னார். அவர்தான் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. "அவர் ஆங்கிலிக்கன் சபைக்காரராச்சே, நமக்கென்ன?" என்று இருந்துவிடாதிருங்கள். அவர் கேட்ட கேள்வி எல்லா சபைக்கும் உரியது.

1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராய்ச் சுற்றினார். நம்ம ஜனங்களின் காணிக்கையிலேயே நம்ம ஊழியர்களை அனுப்பணும் என்று 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப் பாடுபட்டார். 1909-ல் தாமே மிஷனரியாய்த் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார்.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. சுமார் 1,200 பிரதிநிதிகள், பெரும்பாலும் வெள்ளைக்காரர். 35 வயது அசரியா எழுந்து நின்றார். மிஷனரிமாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, நன்றியோடுதான் பேசினார். ஆனால் கூட வேலை செய்கிற இந்திய ஊழியரை ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு அழைக்காதவர்கள் உண்டே என்றார். இவ்வளவும் கொடுத்த நீங்கள் எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். சிலருக்குக் கோபம் வந்தது.

அவர் கேட்டது நியாயமா? பசித்தவனுக்கு முதலில் சோறுதானே வேணும் என்பீர்கள். மெய்தான், சோறு போடுங்கள். ஆனால் திண்ணையிலே உட்கார வைத்துப் போட்ட சோறு வயிற்றை நிரப்பும், மனசைக் குனிய வைக்கும். கொடுக்கிறவன் எப்பவும் மேலேயே நின்றால், வாங்குகிறவன் எப்பவும் கீழேதானே? நன்றி என்பது வாயைக் கட்டுகிற கயிறு அல்ல. நேசிக்கிறவரிடத்தில்தான் மனுஷன் மனத்தாங்கலைச் சொல்லுவான்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. இப்போது மேலே நிற்கிறவர் அவர்! எடின்பரோவில் கேட்ட கேள்வி அவரிடமே திரும்பிற்று. அவருடைய மந்தையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா ஜனங்கள். மாதிகாக்களின் பரம்பரைத் தொழில் தோல் வேலை. மாலாக்கள் அவர்களோடு சாப்பிட மாட்டார்கள். சபைக்குள் ஜாதி கூடாது என்று பேராயர் உறுதியாய் நின்றார். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ப் போனார். 1945 ஜனவரி 1-ல் மரிக்கும்வரை அவர்களுடைய மேய்ப்பராகவே இருந்தார்.

பிரியமானவர்களே, தோல் வேலை நமக்குத் தெரியாததா? பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு வரைக்கும் எத்தனை குடும்பங்களுக்கு அதுதான் சோறு! ஷாப்பிலே தோல் ஊறவைத்துக் கை வெடித்துப்போன சகோதரன் உங்கள் பக்கத்திலே உட்கார்ந்து ஆராதிக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் புடவை, வேட்டி, அரிசி எல்லாம் கொடுக்கிறோம், நல்லது. அவனை வீட்டுக்குள்ளே கூப்பிட்டு, நாம் குடிக்கிற அதே டம்ளரில் காபி கொடுத்தோமா? அவன் வீட்டிலே போய் ஒரு வாய் சாப்பிட்டோமா?

அந்தியோகியாவிலே பந்தியை விட்டு விலகின பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தாரே! அது அரிசிக் கணக்கல்ல, பந்திக் கணக்கு. இந்த வாரமே ஒரு வீட்டுப் படி ஏறுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.