விலக்க வேண்டியது யாரை?

வைத்தியசாலையிலிருந்து வயோதிபத் தாய் வீடு திரும்புகிறார். மருந்துக்கு அடங்காத கிருமியொன்று அவர் உடலில் இருப்பதாகத் துண்டில் எழுதப்பட்டிருக்கிறது. அன்பான வாசகரே, நீங்கள் என்ன செய்வீர்கள்? பின்னறையில் கட்டிலைப் போட்டு, பேரப்பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாது, சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வருவீர்களா? "பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டாமா?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான அச்சமும் அநியாயமான தீர்ப்பில் முடிவதுண்டு.

முதலில் அக்கிருமியை அறிந்துகொள்வோம். பெனிசிலினுக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிகளை அடக்கவே மெதிசிலின் என்ற மருந்து ஆக்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டிலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் காணப்பட்டது. இவ்வினக் கிருமிகள் சுகதேகிகள் பலரின் மூக்கிலும் தோலிலும் தீங்கின்றி வாழ்கின்றன. புண் வழியாகவோ, சிறுநீர்க் குழாய் வழியாகவோ உட்புகுந்து இரத்தத்தில் கலக்கும்போதுதான் ஆபத்து. ஆகவே கிருமியைத் தாங்கியிருப்பது வேறு, நோயுற்றிருப்பது வேறு. இதனாலேயே இங்கிலாந்தில், இக்கிருமி உண்டென்பதற்காக முதியவரை முதியோர் இல்லங்கள் மறுக்கலாகாது என்பது வழிகாட்டல். புண்ணை மூடிக் கட்டினால் அவர் மற்றவர்களோடு கூடியிருந்து உண்ணலாம், பேசலாம்.

அப்படியானால் கிருமியைக் காவித் திரிவது யார்? 1847 இல் வியன்னா நகரப் பிரசவ விடுதியில் தாய்மார் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தனர். பிரேதங்களை அறுத்துப் பரிசோதித்த கைகளோடு வைத்தியர்கள் பிரசவம் பார்ப்பதே காரணமென்று கண்டார் செமெல்வைஸ் என்னும் வைத்தியர். குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 ஆக இருந்த மரணம் யூனில் 2 ஆகக் குறைந்தது. சாவைக் காவியது நோயாளியல்ல. உதவ வந்த, திடகாத்திரமான கைகளே.

இங்கேதான் நமது மனச்சாட்சி விழிக்க வேண்டும். எழுந்து நடக்கமுடியாத கிழவி கிருமியை வீடெங்கும் கொண்டு செல்வதில்லை. புண்ணைத் துடைத்த கையோடு குழந்தையைத் தூக்குபவர் நாமே. பழியைப் பலவீனர்மேல் சுமத்துவது எளிது. கடமை பலசாலியைச் சேர்ந்தது. அவரைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவோம். அவருக்கெனத் தனித் துவாய் வைப்போம். அழுக்குத் துணிகளைப் புறம்பாகத் துவைப்போம். பார்க்க வருபவருக்குக் காய்ச்சலோ புண்ணோ இருந்தால், வருகையைத் தள்ளிப்போடச் சொல்வோம்.

இன்னொரு கடமையும் உண்டு. நோயில்லாத இடத்தில் மருந்தை வற்புறுத்திக் கேட்பதும், மிஞ்சிய குளிசைகளைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் அன்பு போலத் தோன்றும். உண்மையில் அது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், நோபல் பரிசு பெற்ற 1945 இலேயே, போதாத அளவில் மருந்துண்பது கிருமியை வலுப்படுத்தும் என எச்சரித்தார். 2019 இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனரென ஆய்வாளர் கணித்துள்ளனர். நாம் வீணாக்கும் மருந்து நாளை இன்னொருவரின் தாய்க்கு உதவாது போகும்.

விலக்க வேண்டியது கிருமியை, தாயை அல்ல. கைகளைக் கழுவிக்கொண்டு அவரருகே போய் உட்காருங்கள். அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். எழுந்து வரும்போது மறுபடியும் கழுவுங்கள். அச்சத்திற்கு அவ்வளவு மரியாதை போதும்.