ஒட்டிக்கொண்ட டம்ளர்கள்

கழுவி அடுக்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இழுத்துப் பார்ப்போம், வராது. தரையில் தட்டுவோம், ஒடுக்கு விழும். கடைசியில் வீட்டில் யார் கைக்குப் பலம் அதிகமோ அவரிடம் போகும். விளிம்பில் கத்தியை விட்டு நெம்புகிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். கை கிழியும், விளிம்பு கோணிப்போனால் பிடி இன்னும் இறுகும்.

டம்ளர் வாய்ப்பக்கம் அகன்றும் அடிப்பக்கம் சற்றுக் குறுகியும் இருக்கிறது. அந்தச் சரிவில் உள்டம்ளர் ஆப்பாக இறங்கி உட்காருகிறது. சுடுதண்ணீரில் கழுவிய கையோடு அடுக்கினால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஈரம் இடுக்கை அடைத்துவிட, அடியில் கொஞ்சம் சூடான காற்று மாட்டிக்கொள்கிறது. 80 டிகிரியில் இருந்த அந்தக் காற்று 30 டிகிரிக்கு ஆறும்போது அதன் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெளிக்காற்று மேலிருந்து அழுத்தும். 7 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரில் அந்த அழுத்தம் 5 கிலோ எடை அளவுக்குக்கூடப் போகலாம். கைப்பலத்தால் முடியாமல் போவதில் ஆச்சரியமில்லை.

நம் வீட்டுப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உள்டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்ற வேண்டும். வெளிடம்ளரை மட்டும் ஆவி பறக்கும் தண்ணீரில் நிறுத்த வேண்டும். அரை நிமிடம் போதும். பிறகு துணியால் பிடித்து, இழுக்காமல், மெல்லத் திருகினால் 'டொக்'கென்று கழன்று கையோடு வரும். வெளியே இருப்பது சூட்டில் விரிகிறது, உள்ளே இருப்பது குளிரில் சுருங்குகிறது. மாற்றிச் செய்தால் இன்னும் இறுகும்.

எவ்வளவு விரிகிறது தெரியுமா? இரண்டுக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால், 7 சென்டிமீட்டர் டம்ளரில் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம், அவ்வளவுதான்! ஆனால் சரிவில் உட்கார்ந்திருப்பதற்கு அது தாராளம்.

இதைப் பார்க்கும் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும், கேட்க வேண்டும். "சூட்டில் டம்ளர் உள்பக்கமாகவும் விரியாதா? அப்போது வாய் சின்னதாகத்தானே ஆகும்?" அருமையான கேள்வி. பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. டம்ளரின் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். சூடானதும் அந்த விளிம்பு சுற்றிலும் நீள்கிறது. சுற்றளவு நீண்டால் வட்டம் பெரிதாகத்தான் ஆக வேண்டும். நடுவிலுள்ள ஓட்டையும் கூடவே பெரிதாகிறது. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உலோகப் பந்தும் வளையமும் வைத்துக் காட்டுவார்களே, அதே சங்கதி. பந்தைச் சூடாக்கினால் வளையத்துக்குள் நுழையாது. வளையத்தையும் சூடாக்கினால் நுழைந்துவிடும்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே அடிப்பார்கள். சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டி, பழுக்கக் காய்ச்சி, நீண்ட இடுக்கிகளால் பலர் சேர்ந்து தூக்கி, மரச் சக்கரத்தின் மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டுவார்கள். மரம் கருகிப் புகையும். உடனே தண்ணீரை ஊற்ற, பட்டா சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலரை அடி விட்டமுள்ள பட்டா 500 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர் கூடும். கொல்லர் இறுக்குவதற்குச் செய்ததைத்தான் சமையலறையில் கழற்றுவதற்குச் செய்கிறோம்.

கொல்லர் செய்தால் தொழில் நுணுக்கம் என்கிறோம், பள்ளியில் செய்தால் இயற்பியல் என்கிறோம், அம்மா செய்தால் மட்டும் கைப்பழக்கம் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று பிள்ளை பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி அடுக்களையில் அதே பாடம் நடந்து முடிந்திருக்கும். இனி டம்ளர் ஒட்டிக்கொண்டால் முதலில் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எதில் சூடு, எதில் குளிர் என்று அதையே சொல்லச் சொல்லுங்கள். சுடுதண்ணீரை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள்.

சில எச்சரிக்கைகள். கண்ணாடி டம்ளருக்கு ஐஸும் கொதிநீரும் ஆகாது, விரிசல் விட்டுவிடும். வெளியே வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே குழாய்த் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். அலுமினியத்தில் சூடு மளமளவென்று உள்ளே பரவிவிடும், ஆகவே சட்டென்று திருகிவிட வேண்டும். ஒட்டிய பாத்திரத்தை நேராக அடுப்பில் ஏற்றவே கூடாது. இடையில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி உள்பாத்திரத்தைத் தூக்கியடிக்கும்.

குக்கர் நன்றாக ஆறிய பிறகும் மூடி வரவில்லையென்றால் அங்கேயும் வெளிக்காற்றுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. வெயிட்டை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய் மூடி தளரும். குக்கர் ஆறாமல் மூடி இறுக்கமாக இருந்தால், உள்ளே ஆவி அடைந்திருக்கிறது என்று பொருள். மூடியைத் தொடாதீர்கள். தானாக ஆறட்டும், சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை.