யாருடைய தோல்?

மெல்பர்னில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண்மணியின் தோள்பட்டையில் பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். மச்சம் ஒன்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள், இது நான்காவது என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடம்பு முழுக்கக் காட்டியாக வேண்டுமாம். "சின்ன வயசுல சோலாரியம் போவேன், அதனாலயும் இருக்கலாம்" என்றார். எனக்கு அந்தச் சொல்லே புதிது. விளக்கினார். பெட்டி போல மேலே மூடிக்கொள்ளும் ஒரு படுக்கை, உள்ளே வரிசையாகப் புற ஊதாக் குழல்விளக்குகள். சில நிமிடம் படுத்து எழுந்து, அப்படிச் சில முறை போனால் தோல் கறுக்கும்.

நான் சிரித்துவிட்டேன். "எங்க ஊர்ல வெளுக்கறதுக்குக் காசு கொடுப்பாங்க. நீங்க கறுக்கறதுக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு அப்போ 19 வயசு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கேள்விக்கு வயதைப் பதிலாகச் சொல்வது விசித்திரமாகப் பட்டது. 19 வயது என்றால் ஓட்டுப் போடலாம், கடன் வாங்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். தன் தோலை என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியாதா? அந்தப் பதில் ஏன் ஒரு நல்ல பதில் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பேச்சை எடுத்தால் கிளேர் ஆலிவர் என்ற பெயர் வராமல் இருக்காது. மெல்பர்னைச் சேர்ந்த இளம்பெண். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயால் 2007 செப்டம்பரில், 26 வயதில் இறந்தார். கடைசி வாரங்களில் சோலாரியத்துக்கு எதிராகப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பேசிவிட்டுப் போனார். அடுத்த வருடமே விக்டோரியா மாநிலம் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, மிக வெளிறிய தோல் கொண்டவர்களுக்கு அனுமதி இல்லை, மற்றவர்கள் ஆபத்தைத் தெரிந்துகொண்டேன் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் போதாது என்று முடிவெடுத்தார்கள். 2016 ஜனவரிக்குள் எல்லா மாநிலங்களிலும் சோலாரியத் தொழிலே தடை செய்யப்பட்டது. பிரேசில் 2009லேயே செய்திருந்தது. அதே ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கைகளைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளேருக்கு வந்த நோய் சோலாரியத்தால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆஸ்திரேலிய வெயிலே போதும். மென்பொருளில் ஒரு பிழை வந்தால் லாக் எடுத்துப் பார்த்து இந்த வரிதான் காரணம் என்று கை காட்டலாம். உடம்பு அப்படி லாக் எழுதுவதில்லை. கூட்டத்தைப் பற்றித்தான் பேச முடியும். 35 வயதுக்கு முன் இந்தப் படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா வரும் வாய்ப்பு 75 சதவீதம் அதிகம் என்று 2006ல் ஒரு கணக்கு வந்தது. பிறகு வந்த கணக்கு 59 சதவீதம் என்றது. யார் அந்தக் கூடுதல் ஆள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் "நானாக இருக்காது" என்று நினைக்க இடம் கிடைக்கிறது.

"அளவோடு பண்ணா ஒண்ணும் ஆகாது" என்பது விற்பவர்களின் வாதம். இங்கே தோல் எப்படிக் கறுக்கிறது என்று பார்க்க வேண்டும். புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்தைக் கண்டதும் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது அனுப்பும் ரசாயனச் சேதி, நிறமி செல்களை மெலனின் தயாரிக்கச் சொல்கிறது. அதாவது, கறுப்பது என்பதே சேதம் நடந்த பிறகு உடம்பு எடுக்கும் தற்காப்பு. அபாய மணியைக் கேட்டு ரசிப்பதற்காக வீட்டுக்குக் கொஞ்சமாகத் தீ வைப்பது போன்றது இது. அந்த நிறம் தரும் பாதுகாப்பும் சன்ஸ்கிரீன் கணக்கில் எஸ்பிஎஃப் மூன்று, நான்கைத் தாண்டுவதில்லை.

சரி, கெடுதல்தான். ஆனாலும் அவரவர் தோல், அவரவர் விருப்பம் இல்லையா? இதற்கு வலுவான குரல் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859ல் வந்த 'சுதந்திரம் பற்றி' நூலில், பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுக்கத்தான் ஒருவரை வற்புறுத்தலாம், அவருடைய சொந்த நலனுக்காக வற்புறுத்தக்கூடாது என்கிறார். உடையப் போகும் பாலத்தில் ஒருவர் தெரியாமல் கால் வைக்கப் போனால் பிடித்து இழுக்கலாம். ஆனால் விழக்கூடும் என்று எச்சரித்த பிறகும் போகிறேன் என்றால் போகவிட வேண்டும். விக்டோரியாவின் ஒப்புதல் படிவம் இதே தர்க்கம்தான்.

அந்தப் படிவத்தில் எனக்கு இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. ஒன்று, பாலத்தில் நடப்பவரும் விழுபவரும் ஒரே ஆள், ஒரே நிமிடம். சோலாரியத்தில் கையெழுத்துப் போடுவது 19 வயதுப் பெண், வெட்டிக்கொள்வது 43 வயதுப் பெண். டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி, நம்முடைய வருங்கால மனிதரை ஏறக்குறைய இன்னொருவராகவே நினைத்துப் பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால் இது தனக்குத்தானே செய்துகொள்வது மட்டும் இல்லை. அந்த 43 வயதுக்காரியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. இரண்டாவது, விருப்பம் என்பதே கேள்விக்குள்ளாகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் தோலில் பீட்டா எண்டார்ஃபின் சுரக்கிறது, அபின் வகையைப் போலச் சுகம் தரும் பொருள். 2014ல் வந்த ஓர் ஆய்வில், தினமும் இந்தக் கதிர் பட்ட எலிகளுக்கு அபின் முறிப்பு மருந்து கொடுத்தபோது நடுக்கம் போன்ற விடுபடல் அறிகுறிகள் தெரிந்தன. எலி வேறு, மனிதர் வேறு. ஆனாலும் பத்தாவது முறை படுக்கும் ஆள் முதல் முறை படுத்த ஆளின் அதே சுதந்திரத்தோடுதான் படுக்கிறார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த வாதத்தை இழுத்துக்கொண்டே போனால் வடையையும் தடை செய்யலாம், அதுவும் தெரியும். வருங்கால ஆளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பும் அரசு எங்கே நிற்கும்? என்னைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது, ஆஸ்திரேலியச் சட்டம் எங்கே கை வைத்தது என்பதுதான். அது படுப்பவரைத் தண்டிக்கவில்லை. ஒருவர் தன் வீட்டில் சொந்தமாகப் படுக்கை வைத்துக்கொண்டு படுத்தால் குற்றம் இல்லை. காசுக்கு அந்தச் சேவையை விற்பதுதான் குற்றம். அடுத்தவரின் பலவீனத்தில் லாபம் பார்க்கும் தொழிலை எப்படி நடத்துவது என்பதில் மில்லே தடுமாறியிருக்கிறார். சூதாடுபவரை விடலாம், சூதாட்ட விடுதி நடத்துபவரையும் விட வேண்டுமா என்று கேட்டு, உறுதியாகப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். ஒரு முரண்பாடு மட்டும் அப்படியே நிற்கிறது. அதே நாட்டில் சிகரெட்டைச் சட்டப்படி விற்கிறார்கள். சோலாரியம் சின்னத் தொழில் என்பதால் தடுக்க முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அந்தத் தடை தப்பு ஆகிவிடாது.

இவ்வளவும் யோசித்த பிறகும் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் மதுரையில் இருக்கிறாள், என் சித்தி மகள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை நிறம் வருவதற்காக வருடக்கணக்கில் பூசியவள். வெளுத்தது உண்மை. பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே முகம் சிவந்து எரியத் தொடங்கியது. நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும், அதனால் மறுபடி பூசுவாள். அப்போது நான் அவளிடம், "அழகு அழகுன்னு அலைஞ்சா இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறேன். மெல்பர்ன் பெண்மணியைப் பார்த்துச் சிரித்ததும் அதே ஆள்தான். தோலுக்காகக் கெட்டுப்போனவர்களை நோயாளியாகப் பார்ப்பதற்கு முன்பு முட்டாளாகப் பார்த்துவிடுகிறோம். வேறு நோய்களுக்குக் கிடைக்கும் இரக்கம் இவர்களுக்குப் பாதிதான் கிடைக்கிறது.

போன மாதம் அவளிடம் ஃபோனில் பேசும்போது கேட்டேன், "அந்தக் களிம்பு பூச ஆரம்பிச்சப்ப உனக்கு என்ன வயசு இருக்கும்?"

"20, 21 இருக்கும்ண்ணே. எதுக்கு?"

"சும்மாதான். நீயா போய் வாங்குனியா?"

"நான் எங்க போனேன்? பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அம்மாதான் வாங்கிட்டு வந்துச்சு."

அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். நான் அப்படிச் சொன்னதே அவளுக்கு ஞாபகம் இல்லையாம். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாளோ என்னவோ.