செல்லும் பணமும் செல்லாத செயலும்

இல்லறத்தாரின் விரதம் பெரும்பாலும் பணம் கைம்மாறும் இடத்தில்தான் சோதிக்கப்படுகின்றது. பெருங்களவுக்கு நம்மில் எவரும் துணிவதில்லை. ஆனால் கடையின் முன் நிற்கும் அரை நிமிடத்தில் நாம் செய்யும் சிறு உபாயங்களைக் களவென்று நாம் எண்ணுவதே இல்லை. அத்தகைய உபாயம் ஒன்றை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு பிரிட்டனில் உள்ளது. படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அங்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசின் கீழ் அடங்கியவை. இரண்டிலும் பவுண்டே பணம். எனினும் இங்கிலாந்தில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஒன்றே நோட்டு வெளியிடுகின்றது. ஸ்காட்லாந்திலோ 1695இல் தோன்றிய பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, 1727இல் தோன்றிய ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, 1838இல் தோன்றிய கிளைட்ஸ்டேல் பாங்க் ஆகிய மூன்றின் பெயரிலும் நோட்டுகள் வழங்குகின்றன. 1826இல் சிறு தொகை நோட்டுகளை நிறுத்த அரசு முனைந்தபோது, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் புனைபெயரில் கடிதங்கள் எழுதி அதனை எதிர்த்தார். இந்நோட்டுகள் மதிப்பிலும் குறைந்தவை அல்ல. 2009ஆம் ஆண்டின் வங்கிச் சட்டப்படி, வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடான செல்வத்தை அவ்வங்கிகள் காப்பாக வைத்தல் வேண்டும். அதன் பொருட்டு 10 லட்சம் பவுண்டு, 10 கோடி பவுண்டு மதிப்புள்ள தனி நோட்டுகளும் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் உள்ளன.

இருந்தும் இங்கிலாந்துக் கடைகள் சிலவற்றில் இந்நோட்டை வாங்க மறுக்கின்றனர். அதனை அரிதாகவே காணும் கடைக்காரருக்கு நல்லது எது, போலி எது என்று அறிவது கடினம். "இது செல்லாது" என்கிறார் அவர். "சட்டப்படி செல்லும், மறுக்க உமக்கு உரிமையில்லை" என்கிறார் கொடுப்பவர். இருவர் கூற்றும் முழு உண்மையன்று. சட்டப்படியான செலாவணி என்பது கடனைத் தீர்ப்பது குறித்த குறுகிய பொருளுடைய சொல். அப்பொருளில் ஸ்காட்லாந்து வங்கிகளின் நோட்டு இங்கிலாந்தில் மட்டுமன்று, ஸ்காட்லாந்திலும் சட்டப்படியான செலாவணி அன்று. பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டுக்கும் அத்தகுதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டுமே உண்டு. விலைக்கு ஈடாக எதனை ஏற்பது என்பதோ கடைக்காரரின் விருப்பம். ஆகவே ஒரு நோக்கில் அது நல்ல பணம். மற்றொரு நோக்கில் அதனை ஏற்கும் கட்டாயம் எவருக்கும் இல்லை. அநேகாந்தம் பயின்ற நமக்கு இதில் வியப்பில்லை. ஒரு நோக்கையே முழு உண்மையாகப் பற்றிக்கொள்வதால்தான் வாக்குவாதம் எழுகின்றது.

இனி, ஆராய வேண்டிய உபாயத்திற்கு வருவோம். மறுப்புக்கு அஞ்சிச் சிலர், ஸ்காட்லாந்து நோட்டை மற்ற நோட்டுகளின் நடுவே மடித்து வைத்து, கூட்டம் மிகுந்த வேளையில் கொடுத்து விடுகின்றனர். "நோட்டு நல்ல நோட்டு, எவருக்கும் நட்டமில்லை, இதில் களவு எங்கே?" என்பது அவர்கள் வாதம். கிழிந்த நோட்டைக் கட்டின் நடுவே செருகும் பழக்கம் நம் ஊர்களிலும் இருப்பதால், இவ்வாதம் நமக்கும் அந்நியமன்று.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. போலியை நல்லதென வழங்குதல் அவற்றுள் ஒன்று. அரச நெறியை மீறிக் கொள்ளுதல் மற்றொன்று. நடுநிலையோடு நோக்கின், இச்செயல் இவ்விரண்டிலும் சேராது. நோட்டு போலியன்று; சட்டமும் மீறப்படவில்லை. அவ்வாறாயின் குற்றம் யாது?

மறைத்தது ஏன் என்று நம்மையே கேட்டுக்கொண்டால் விடை தெளிவாகும். கண்டால் அவர் மறுக்கக்கூடும் என்று அறிந்தே மறைத்தோம். ஏற்பதும் மறுப்பதும் அவருக்குரிய உரிமை. அவ்வுரிமையை அவர் அறியாமல் நாம் கவர்ந்து கொண்டோம். கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்று அதே அத்தியாயம் வரையறுக்கின்றது. பொருளுக்கு மட்டுமன்று, பிறருடைய இசைவுக்கும் அது பொருந்தும் என்பதே நம் கருத்து. மேலும், நட்டமில்லை என்பதும் மேற்போக்கான பேச்சே. மாலையில் கணக்கு ஒப்படைக்கும் பணியாள் முதலாளிக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். அவரும் அஞ்சி அதனை அடுத்தவர் தலையில் கட்டினால், ஏதும் அறியாத முதியவரிடமோ ஊர் திரும்பும் பயணியிடமோ அது போய்ச் சேரும். நம் இடர் நீங்கவில்லை. இடம் மாறியது, அவ்வளவே.

கடைக்காரருக்கும் அறம் உண்டு. மறுக்கும் உரிமை பெற்றவர் என்பதால், கொடுப்பவரைக் கள்ளநோட்டுக்காரர் போல் நோக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. "எனக்கு இதனை அறியத் தெரியவில்லை" என்பது வாய்மை. "இது செல்லாது" என்பது தன் அறியாமையைப் பிறர் மேல் ஏற்றுவது. நம் நாட்டிலும் 10 ரூபாய் நாணயத்தைப் பலர் வாங்க மறுத்தனர். 14 வடிவங்களும் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் விளக்கிய பின்னரும் மறுப்பு எளிதில் ஓயவில்லை. அங்கு ஏற்பது விருப்பம். இங்கோ நாணயம் சட்டப்படியானது. எனினும் அறியாமல் உரைக்கும் சொல் எளியவரை வருத்துவது ஈரிடத்தும் ஒன்றே.

ஆகவே செய்யத் தக்கது எளிது. நோட்டைத் தனியே எடுத்துக் காட்டி, "இது ஸ்காட்லாந்து நோட்டு, ஏற்பீர்களா?" என்று கேட்க வேண்டும். மறுத்தால் முகம் சுளியாது வேறு பணம் தந்து, அந்நோட்டை நம் வங்கிக் கணக்கில் செலுத்திவிடலாம். அதனால் அரை மணி நேரம் வீணாகலாம். அந்த அரை மணியே அன்று நம் விரதம் கேட்கும் விலை. அதைக் கொடுக்க மனமில்லாதவர், பெரிய சோதனை வரும்போது விரதத்தைக் காப்பார் என்று எவ்வாறு நம்புவது?