பெற்றது இரண்டு, காத்தது ஏழு

அழுகிறவரைக் கண்டால் "அழாதேங்கோ, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் வேதம் சில கண்ணீரைத் துடைக்க அவசரப்படுவதில்லை.

இன்று 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழிக்கு ஈடாக, அவன் வழிவந்த ஏழு பேரைத் தாவீது கையளிக்கிறான். மலைமேல் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். அடக்கம் செய்ய ஆளில்லை. சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் சாக்குத்துணியைப் பாறைமேல் விரித்தாள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நாள் முதல் மழை இறங்கும்வரை அங்கேயே கிடந்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள், இரவில் காட்டு மிருகங்களை விரட்டினாள்.

அவள் பேசியதாக ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. ஆனாலும் செய்தி அரசனிடம் போயிற்று. அதன் பிறகுதான் அவன் எழுந்தான். எலும்புகளைச் சேர்த்தெடுக்கச் செய்தான். சவுலுக்கும் யோனத்தானுக்கும் முறையான அடக்கம் நடந்தது. நாட்டுக்கான விண்ணப்பத்தைத் தேவன் கேட்டதும் அதற்குப் பிறகுதான். ஏழு உயிர்களைப் பலிகொடுத்தும் கிடைக்காத அமைதிக்கு, ஒரு தாயின் காவல் வழி திறந்தது.

நெளுக்குளத்தில் இருக்கும் உங்களுக்கு இந்தப் பாறை தூரமில்லை. 2009இல் கலைமகள் மகா வித்தியாலயத்தின் வகுப்பறைகளே முகாமாகின. வந்து சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் வராத ஒருவரைத் தேடிக்கொண்டே வந்தார்கள். 2017 பெப்ரவரியில் வவுனியாவில் தாய்மார் வீதியோரம் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். 2022 மார்ச்சில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. தாய்மார் மறுத்தார்கள். அவர்கள் கேட்டது பணம் இல்லை, பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடை. அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறுதலை ஏற்க மறுத்த ராகேலின் அழுகையை மத்தேயு இயேசுவின் பிறப்புக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார். அழுகிறவர்களையும் சமாதானம் செய்கிறவர்களையும் இயேசு ஒரே மலையில், ஒரே மூச்சில் வாழ்த்தினார்.

ரிஸ்பாளின் கதையில் இன்னும் ஒன்று இருக்கிறது. இதை வாசித்துவிட்டு நம்மில் பலர் கடந்துபோய்விடுகிறோம். ரிஸ்பாளின் பிள்ளைகள் இரண்டு பேர்தான். மற்ற ஐவரும் வேறொருத்தியின் பிள்ளைகள். பறவை இறங்கியபோது எது என் பிள்ளையின் உடல் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. ஐவரைக் காத்ததால் தன் இருவர்மேல் அவளுக்கிருந்த பாசம் குறையவுமில்லை. பாறையைவிட்டு அவள் இறங்கவுமில்லை.

தெற்கிலே 1987 முதல் 89 வரையான காலத்தில் சிங்களத் தாய்மாரும் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தேடி அலைந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் குடும்பங்கள் புலிகளால் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டன. அவர்களுக்காகவும் அழுவது நம் நீதிக் கேள்வியை மழுக்கிவிடும் என்று பயப்படவேண்டாம். தன் பிள்ளைக்காக மட்டும் எழும் ஒப்பாரியை அடுத்த ஊர் காதில் போட்டுக்கொள்ளாது. மற்றவளின் பிள்ளையையும் சேர்த்து எழும் ஒப்பாரியை அரசனும் கேட்டாக வேண்டும்.

இன்று வவுனியா டவுனுக்குப் போகும் வேலை இருந்தால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பக்கத்தில் சற்று இருங்கள். வசனம் எதுவும் சொல்லவேண்டாம். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், அவன் என்ன படித்தான், எதை விரும்பிச் சாப்பிட்டான் என்று கேளுங்கள். ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே மன்றாட்டில், பெயர் தெரியாத ஒரு சிங்களத் தாயின் பிள்ளையையும், வீட்டைப் பூட்டிவிட்டு நடந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.